கொடியேற்றும் நாளில் செக்கிங்

நான் இந்தியாவில் பிறந்த இலங்கை அகதி. புதிதாகக் கேட்பவர்கள் நெற்றியைச் சுருக்குவார்கள். பிறந்தது எங்கே என்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் என்பேன். அப்புறம் எப்படி அகதி என்பார்கள். அப்பாவும் அம்மாவும் படகில் வந்தவர்கள், அவர்களுக்குப் பிறந்ததால் நானும் அதே கணக்கில்தான் என்று விளக்க வேண்டும். முன்பெல்லாம் பொறுமையாக விளக்கினேன். இப்போது அலுத்துவிட்டது. "அது அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்கிறேன்.

இராஜபாளையத்தில், காயத்துக்குக் கட்டும் காஸ் துணி செய்யும் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். பாண்டேஜ் சுருள்களைப் பெட்டியில் அடுக்கி அனுப்பும் பகுதி என்னுடையது. சுதந்திர தினம் லீவுதான் என்றாலும் காலையில் வாசலில் நடக்கும் கொடியேற்றத்துக்கு வந்துவிட்டுப் போக வேண்டும். இரவு ஷிப்ட் முடித்தவர்கள் பஞ்சு ஒட்டிய தலையோடு கொட்டாவி விட்டபடி நிற்பார்கள். உறுதிமொழி சொல்ல ஆள் தேடும்போது எல்லோரும் என்னைத்தான் கைகாட்டுவார்கள். எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. ஆனால் ஒரு வரியைச் சொல்லி நிறுத்தி, மற்றவர்கள் திருப்பிச் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கும்போது நீட்டிய கை கனக்கத் தொடங்கிவிடும். சிறுவயதில் இந்தக் கனம் எனக்குத் தெரிந்ததே இல்லை. கை என்று ஒன்று இருப்பதையே மறந்து சொல்வேன்.

எங்கள் முகாம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கொஞ்ச தூரத்தில், மலையைப் பார்த்த பக்கத்தில் இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீடுகள் வரிசை வரிசையாக நிற்கும். பக்கத்து வீட்டில் இருமினால் எங்கள் வீட்டில் தண்ணீர் எடுத்துக் கொடுப்பார்கள். ஆண்கள் அநேகமாக எல்லோரும் பெயிண்டர்கள். ஊர் ஊராகப் போய் மற்றவர்கள் வீட்டுச் சுவரை அழகாக்கிவிட்டு, வெள்ளையடிக்காத தங்கள் வீட்டுக்குத் திரும்பி வருவார்கள். அப்பாவுக்குக் கொடிக்கம்பத்துக்குப் பெயிண்ட் அடிப்பதில் தனிப் பேர் இருந்தது. ஆகஸ்ட் பிறந்தால் பள்ளிக்கூடம், வங்கி, பஞ்சாயத்து ஆபீஸ் என்று அழைப்பு வரும். எங்கள் பக்கத்தில் பாதிக் கொடிக்கம்பங்கள் அப்பா அடித்த வெள்ளையில்தான் நின்றன.

சித்தப்பா எங்களோடு இருந்தார். முகாமிலேயே அதிகம் படித்தவர் அவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் காலேஜ் முடித்து முதல் வகுப்பில் தேறியவர். அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுத ஆசைப்பட்டு, விண்ணப்பத்தில் இருந்த இந்தியக் குடிமகனா என்ற கேள்வியிலேயே நின்றுவிட்டவர். அதற்குப் பிறகு அப்பாவோடு பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார். சித்தப்பா பரீட்சையில் ஃபெயில் ஆகிவிட்டார் என்றுதான் அப்போது எனக்குத் தெரியும். இவ்வளவு படித்தும் ஃபெயிலாகிவிட்டாரே என்று மனதுக்குள் கொஞ்சம் இளக்காரம்கூட உண்டு.

வயலைத் தாண்டினால் பள்ளிக்கூடம். காலை வணக்கக் கூட்டத்தில் உறுதிமொழி சொல்லும் பிள்ளைகளை வாரத்துக்கு ஒருவராக மாற்றுவார்கள். நான் சொல்லத் தொடங்கிய பிறகு மாற்றுவதை நிறுத்திவிட்டார்கள். எனக்குக் குரல் அப்படி. இந்த நாடு என்னுடையது, இங்குள்ள எல்லோரும் என் உடன்பிறந்தவர்கள் என்று நான் சொன்னால் ரோட்டில் போகிற டவுன் பஸ்ஸில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அர்த்தம் தெரியாத சொற்களைத்தான் இன்னும் சத்தமாகச் சொல்வேன். வீட்டில் ஈழத்துத் தமிழும் பள்ளிக்கூடத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தமிழும் பேசிக்கொண்டிருந்த எனக்கு, உறுதிமொழியில் இருந்த தமிழ் இரண்டுமில்லாத மூன்றாவது தமிழாக இருந்தது. அது யாருடைய வீட்டிலும் பேசுகிற தமிழ் இல்லை. அதனால் அதில் நான் யாருக்கும் குறைந்தவள் இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

அந்த வருஷம் சுதந்திர தினத்துக்குக் கொடி உறுதிமொழி என்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும் என்றார்கள். கொடிக்கும் அது குறிக்கும் நாட்டுக்கும் உண்மையாக இருப்பேன் என்று மேடையில் ஏறி மைக்கில் சொல்ல வேண்டும். எங்கள் டீச்சர் யோசிக்கவே இல்லை. "ஏட்டி, நீதான் சொல்லுத. ரிப்பனை நல்லா இஸ்திரி போட்டுக் கட்டிட்டு வா" என்றார். காஸ் கம்பெனி மேஸ்திரியின் மகள் என் பக்கத்தில் உட்காருவாள். கரும்பலகை துடைக்கத் தன் அப்பாவின் கம்பெனியிலிருந்து வெட்டுத் துண்டுகளைக் கொண்டுவந்து டீச்சரிடம் நல்ல பேர் வாங்குகிறவள். நான் வராவிட்டால் சொல்வதற்கு அவளையும் பழகச் சொன்னார்கள். நான் எதற்கு வராமல் போகப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா பாவாடை சட்டையைக் கஞ்சி போட்டுக் காயவைத்தாள். நான் தண்ணீர்க் குழாயடியில் குடம் நிறையும்வரை கையை நீட்டிப் பழகினேன். குழாயடிப் பெண்கள் சிரித்தார்கள். சித்தப்பா மட்டும் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார்.

"அதைச் சொந்த நாடெண்டு நீ சொல்லுறாய். அது உன்னைச் சொந்தப் பிள்ளையெண்டு எப்ப சொல்லும் எண்டு கேட்டியோ?"

அப்பா சுவரோரம் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார். "சின்னப்பிள்ளையிட்ட இதெல்லாம் கதைக்காத" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போடுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

பதினான்காம் தேதி மத்தியானம் முகாம் தலைவர் வரிசை வரிசையாகப் போய்ச் சொல்லிக்கொண்டு வந்தார். நாளைக்குச் செக்கிங். யாரும் வெளியே போகக் கூடாது.

செக்கிங் என்றால் தலை எண்ணுவது. வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ. சார் பதிவேட்டோடு வருவார். வீட்டு எண் வரிசையில் கூப்பிடுவார். குடும்பத்தோடு அகதி அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் நிற்க வேண்டும். ஆள் இல்லையென்றால் பதிவை வெட்டிவிடுவார்கள். பதிவை வெட்டினால் அரிசி போகும், உதவித்தொகை போகும், அப்புறம் நாங்கள் யார் என்று சொல்வதற்கே ஒரு சான்று இருக்காது. காய்ச்சலில் கிடந்தவர்களைக்கூடக் கட்டிலோடு தூக்கிவந்து காட்டியதை நான் பார்த்திருக்கிறேன். வழக்கமாக மாதத்தில் ஏதோ ஒரு நாள் வருகிற செக்கிங், பண்டிகை பந்தோபஸ்து என்று அந்த வருஷம் சுதந்திர தினத்திலேயே வந்து விழுந்தது. எங்கள் வீடு கடைசி வரிசையில் இருந்தது. எங்களைக் கூப்பிட மத்தியானம் ஆகிவிடும்.

அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். "பதிவை வெட்டிப்போட்டா பிறகு எங்க போய் நிக்கிறது? உறுதிமொழி வேற ஆரும் சொல்லுவினம்."

நான் அழுதேன். சாதாரண அழுகை இல்லை. உறுதிமொழி சொல்லிப் பழகிய குரலில் அழுதால் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். முகாம் முழுக்கக் கேட்டது. அப்பா கொஞ்ச நேரம் தாங்கினார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, வா என்றார்.

டவுன் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனோம். தாலுகா ஆபீஸில் ஆர்.ஐ. சார் வெளியே போயிருந்தார். வருவார் என்றார்கள். பெஞ்சு காலியாக இருந்தது, ஆனால் அப்பா உட்காரவில்லை. அரசாங்க ஆபீஸில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. முற்றத்துக் கொடிக்கம்பம் அவர் அடித்ததுதான். அதையே பார்த்துக்கொண்டு நின்றவர், அடிப்பக்கத்தில் ஒரு இடத்தில் பெயிண்ட் ஒழுகிக் காய்ந்திருப்பதைக் கண்டுபிடித்து, யாரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, நகத்தால் சுரண்டிவிட்டார்.

ஆர்.ஐ. சார் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தலைக்கவசத்தைக் கழற்றி, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடியே அப்பா சொன்னதைக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. அசதியான மனிதர்.

"எனக்கும் ஒரு மக இருக்கா. நாளைக்கு அவ ஸ்கூல்ல டான்ஸ் ஆடுதா. நான் போய்ப் பார்க்க முடியுதா? ஒங்க ஆளுகள எண்ணிக்கிட்டுல்லா நிக்கணும்" என்றார்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார், அவருடைய மகளின் டான்ஸைக் கெடுத்ததே நாங்கள்தான் என்பதுபோல. ஆர்.ஐ. சார் என்னைப் பார்த்தார். அழுது வீங்கிய முகம் அவருக்கு ஏதோ செய்திருக்க வேண்டும்.

"சரி, வெள்ளனே வந்துருதேன். மொத ஆளா ஒங்க வீட்டக் கூப்பிடுதேன். ஆஜர் ஆயிட்டு ஒரே ஓட்டமா ஓடிப்போயிரு."

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆர்.ஐ. சாருக்கு மனதுக்குள் எல்லா நன்மைகளும் வேண்டிக்கொண்டேன். அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்கினார்.

மறுநாள் விடியும் முன்பே முகாம் குளித்துவிட்டது. விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டை முதலில் கூப்பிட விட வேண்டும் என்று அப்பா யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் முதல் வரிசைக் குடும்பங்கள் தாங்களாகவே தள்ளி நின்று இடம் விட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா தன் கல்யாணத்துக்கு வாங்கிய பவுடரை எடுத்து எனக்குப் பூசிவிட்டாள். அம்மாகூட அன்று கொஞ்சம் இளகியிருந்தாள். ரிப்பனை இறுக்கிக் கட்டிவிட்டு, "சொல்லேக்க மூச்சை விட்டு விட்டுச் சொல்லு" என்றாள். நான் சட்டையில் காகிதக் கொடியைக் குத்திக்கொண்டு வரிசையின் முதல் ஆளாக நின்றேன்.

வெயில் ஏறியது. ஆர்.ஐ. சார் வரவில்லை.

வாசலில் ஒரு போலீஸ்காரரைக் காவலுக்குப் போட்டிருந்தார்கள். நான் போய் அவரிடம் கேட்டேன். "ஏட்டி, உள்ள போ. ஒன்ன விட்டா என் தொப்பி போயிரும்" என்றார். அதைக் கோபமாகச் சொல்லவில்லை, பல் வலிக்காரர் பேசுவதுபோலச் சொன்னார். வயலுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் வெள்ளை வெள்ளையாகப் பள்ளிக்கூடத்துக்குள் போவது தெரிந்தது. ரேடியோ செட்டுக்காரர் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி முடித்து ஹலோ ஹலோ என்றார். அந்த ஹலோ முகாமுக்குள்ளும் வந்து விழுந்தது.

சித்தப்பாதான் விஷயத்தைப் பிடித்தார். சுதந்திர தினத்தன்று தாலுகா ஆபீஸிலும் கொடி ஏற்றுவார்கள். கொடி ஏற்றி முடிக்காமல் எந்த அதிகாரியும் அந்த இடத்தை விட்டு நகர முடியாது. இதை வெள்ளனே வருகிறேன் என்று சொன்ன மனிதரும் மறந்திருந்தார். கொடிக்கம்பத்தையே அத்தனை நேரம் பார்த்துக்கொண்டு நின்ற அப்பாவும் மறந்திருந்தார். வேறொரு நாளாக இருந்தால் முகாமே விழுந்து விழுந்து சிரித்திருக்கும். அப்பா என் முகத்தைப் பார்க்காமல், "பிழை என்ரதுதான்" என்றார்.

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் பேசினார். பிறகு கைதட்டல். கொடி ஏறிவிட்டது என்று தெரிந்தது. பிறகு மைக்கில் மேஸ்திரி மகளின் குரல் வந்தது. அவள் குரல் நன்றாகவே இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. ஒரு வரி சொன்னாள். பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். இரண்டாவது வரியில் ஒரு நீளமான சொல் வரும். அங்கே வந்ததும் அவள் நின்றுவிட்டாள்.

குழாயில் கரகரவென்று காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. அவள் மறந்துவிட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அந்தச் சந்தோஷம் செத்த நேரம்தான். பாதியில் நிற்கிற வரி என் தொண்டையில் வந்து நின்றுகொண்டது. கை தானாக நீண்டது. விட்ட இடத்திலிருந்து நான் சொன்னேன்.

எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற முகாம் பிள்ளைகள் எல்லோரும் அதே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான். யாரோ ஒருவர் வரி சொன்னால் திருப்பிச் சொல்வது அவர்களுக்குப் பழக்கம். அவர்கள் கைகளும் நீண்டன. அட்டைகளைப் பிடித்த கையை விட்டு மற்றக் கையை நீட்டியவர்களும் உண்டு. நான் சொல்ல, அவர்கள் திருப்பிச் சொல்ல, கொடிக்கு உண்மையாக இருப்போம் என்று செக்கிங் வரிசையில் நின்று நாங்கள் உறுதி கூறிக்கொண்டிருந்தோம். எங்கள் முன்னால் கொடி இல்லை. ஆர்.ஐ. சாருக்காகப் போட்டு வைத்த மேஜையும் நாற்காலியும்தான் இருந்தன. வாசலில் நின்ற போலீஸ்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று விறைப்பாக நின்றுகொண்டார்.

அப்பா கையை நீட்டியிருந்தார். வாய் அசையவில்லை. சித்தப்பா மலைப்பக்கம் திரும்பிக்கொண்டார். கேலி ஏதாவது செய்வார் என்று ஓரக்கண்ணால் பார்த்தேன், செய்யவில்லை. அம்மா மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். வவுனியாப் பக்கத்தில் விட்டுவந்த வீட்டுக்கு ஒரு நாள் திரும்பிவிடுவோம் என்று அவள் சாமி படத்துக்கு முன்னால் முணுமுணுப்பது எனக்குத் தெரியும். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

நடுவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ஆர்.ஐ. சார் வந்துவிட்டார். சட்டைப்பையில் புதுக்கொடி குத்தியிருந்தது, கக்கத்தில் பதிவேடு இருந்தது. வண்டியை நிறுத்தி இறங்கியவர் எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். உறுதிமொழி நடக்கும்போது நடந்து வரக் கூடாதே. பதிவேட்டை இடுக்கியபடியே நேராக நின்றார். நான் கடைசி வரியை மூச்சை விட்டு விட்டு, அம்மா சொன்னதுபோலவே சொல்லி முடித்தேன். கைகள் இறங்கின. வயலுக்கு அந்தப் பக்கம் அவர்களும் எப்படியோ முடித்து, மிட்டாய் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஆர்.ஐ. சார் நேரே என்னிடம் வந்தார். "தாசில்தார் வர லேட்டாயிட்டும்மா. கொடி ஏத்தாம வர முடியல. நான் அத நெனைக்கவே இல்ல பாத்துக்கோ" என்றார். பெரிய மனிதர் ஒருவர் எங்கள் முகாமில் வருத்தம் சொன்னதை நான் அன்றுதான் பார்த்தேன். அப்பா பதறிப்போய், பரவாயில்லை சார், பரவாயில்லை சார் என்றார்.

நாற்காலியில் உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்தார். சொன்னபடியே எங்கள் வீட்டைத்தான் முதலில் கூப்பிட்டார். அப்பா, அம்மா, சித்தப்பா, நான். என் பெயருக்கு நேரே டிக் போட்டுவிட்டுப் பேனாவை வைத்தார். அன்றைக்குத் தன் மகளிடம் பேச முடியாததை என்னிடம் பேசிவிட நினைத்தாரோ என்னவோ, முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "நல்லாச் சொல்லுதியே. பெரிய பிள்ளையானா என்ன வேலைக்குப் போகப் போற?" என்று கேட்டார்.

எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. காலையிலிருந்து நின்று நின்று அதைத்தான் முடிவுசெய்து வைத்திருந்தேன்.

"ஒங்க வேலைக்குத்தான் சார். ஆர்.ஐ. ஆவேன். ஆனா வெள்ளனே வந்து, பள்ளிக்கூடத்துக்குப் போற பிள்ளைகள எல்லாம் மொதல்லயே கூப்பிட்டு விட்டுருவேன்."

எல்லோரும் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஆர்.ஐ. சார் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மறுபடி மூடினார். அப்பா தரையைப் பார்த்தார். சித்தப்பா அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. நான் சரியான தூக்கக்காரி. காலையில் என்னை எழுப்ப அம்மா படும் பாடு அந்த முகாமுக்கே தெரியும். இவளாவது, வெள்ளனே எழுந்து வேலைக்கு வருவதாவது என்று நினைக்கிறார்கள். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவின் கையைப் பிடித்து மேஜைக்கு முன்னால் இழுத்தேன்.

"எங்கம்மாட்ட கேளுங்க சார். இன்னைக்கு என்னைய யாருமே எழுப்பல. நானாத்தான் எந்திரிச்சேன்."